ரூகன் கப்பலின் நடு அறை

ரூகன் என்ற போர்க்கப்பல் எந்தக் கடலிலும் மிதந்ததில்லை. முதல் உலகப் போருக்கு முன்பு ஜெர்மன் கடற்படை நினைத்திருந்தால் அப்படியொன்றைக் கட்டியிருக்கலாம், அவ்வளவுதான். அந்த 'கட்டியிருந்தால்' எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க ஜெர்மனியில் ஓர் அருங்காட்சியகம் ஆசைப்பட்டது. அந்தக் காலத்து எஃகு, அந்தக் காலத்து நிலக்கரி, அந்தக் காலத்து அறிவு இவற்றை மட்டும் வைத்துக் கப்பலை வரைய வேண்டும். பிறகு கணினிக்குள்ளேயே கட்டி, கணினிக்குள்ளேயே வடகடலுக்குப் போருக்கு அனுப்ப வேண்டும். வேலை தரமணியில் இருந்த ஒரு நிறுவனத்துக்கு வந்தது. நிறுவனம் அதைப் பிரம்மசக்தியிடம் கொடுத்தது.

பிரம்மசக்திக்குச் சொந்த ஊர் உடன்குடி. கப்பல் பொறியியல் படித்துவிட்டு இத்தனை வருடமும் சரக்குக் கப்பல்களும் இழுவைப் படகுகளும் வரைந்து கொண்டிருந்தவள். போர்க்கப்பல் வரையும் வாய்ப்பு வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. வந்ததும் அதிலேயே மூழ்கிப் போனாள். அந்தக் காலத்து ஜெர்மன் பொறியாளர்களின் பிடிவாதம் அவளுக்குப் பிடித்திருந்தது. எவ்வளவு அடி வாங்கினாலும் கப்பல் மிதக்க வேண்டும் என்பதே அவர்களுடைய ஒரே கவலை. கப்பலின் வயிற்றைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்தார்கள். ஓர் அறையில் தண்ணீர் புகுந்தால் அடுத்த அறைக்குப் போகாது. பக்கவாட்டில் நிலக்கரியை அடுக்கி அதையே ஒரு கவசமாக்கினார்கள். பிரம்மசக்தியும் அப்படியே செய்தாள். வீட்டில் மகள் ஏதாவது கேட்டால்கூட, "இரு, நடு அறைல ஒரு சிக்கல்" என்பாள்.

சிக்கல் உண்மையிலேயே நடு அறையில்தான் இருந்தது. அது கொதிகலன் அறை. உலைக்குக் கரி அள்ளிப் போடுகிறவர்கள் வேலை செய்யும் இடம். போர் நடக்கும்போது அதன் பக்கக் கதவுகளை அடைத்துவிடுவார்கள். ஆபத்து வந்தால் தப்பிக்க, அங்கிருந்து மேல்தளம் வரைக்கும் ஒரு குறுகலான ஏணிப் பாதையை வைத்திருந்தாள். அந்தப் பாதைக்காகக் கவசத் தளத்தில் ஓர் ஓட்டை போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு சோதனைப் போரிலும் அந்த ஓட்டை வழியாகவே நெருப்பு பரவிக் கப்பலைத் தின்றது.

ஒரு நாள் காலையில் அவள் ஏணியை அழித்தாள். ஓட்டை இருந்த இடத்தில் எஃகுத் தகட்டை வைத்தாள். ரூகன் அன்றைய போரில் தப்பிக் கரை சேர்ந்தது.

நடு அறையில் இருந்தவர்கள் மட்டும் சேரவில்லை. திரையில் மாலுமிகள் பச்சைப் புள்ளிகளாகத் தெரிவார்கள். இறந்தால் சாம்பல் நிறமாகிவிடுவார்கள். நடு அறைப் புள்ளிகள் எல்லாம் ஒரே சமயத்தில் சாம்பலாயின. பிரம்மசக்தி அதைப் பார்த்தாள். அந்தக் காலத்துப் பொறியாளனும் இதைத்தான் செய்திருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். திட்டத் தலைவர் வரதன் எல்லோரையும் கூப்பிட்டுக் கேக் வெட்ட வைத்தார்.

அருங்காட்சியகம் கப்பலின் ஓசைகளையும் கேட்டிருந்தது. அந்த வேலை ரிஸ்வானாவுடையது. மறுவாரம் அவள் பிரம்மசக்தியின் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, ஒரு வார்த்தை கேக்கணும். கரி போடற மாலுமி ஒருத்தன் சாகற நேரத்துல 'மெக்கா, மெக்கா'ன்னு கத்தறானாம். மெஷின் ஜெர்மன்ல அப்படித்தான் மாத்தியிருக்கு. நான் சந்தோஷப்படறதா, வேணாமா?"

பிரம்மசக்தி சிரித்தாள். "மூலத்துல என்ன சொல்றான்?"

"அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன். உங்க ஊர்ப் பக்கத்துப் பேச்சு மாதிரி இருக்கு."

"ஜெர்மன் மாலுமி எங்க ஊர்ப் பேச்சு எப்படிப் பேசுவான்?"

ரிஸ்வானாவின் முகம் மாறியது. "உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்" என்றாள். பிறகு ஹெட்போனை நீட்டினாள்.

முதலில் இரும்பு முனகும் சத்தம். நீராவி சீறியது. மண்வாரி ஒன்று தரையில் விழுந்தது. அப்புறம் ஓர் ஆணின் குரல், மூச்சு வாங்க.

"ஏ மக்கா, தொறங்கல! தொறங்கல! இங்கனதான ஏணி கெடந்துச்சு... ஏணிய எங்கல?"

அது திரும்பத் திரும்ப ஏணியைக் கேட்டது. பிறகு இருமல். பிறகு எதுவும் இல்லை.

வரதனின் அறைக்கு அவள் கதவைத் தட்டாமலே போனாள். வரதன் எதையும் மறைக்கவில்லை.

"அந்தப் புள்ளிங்க எல்லாம் நிஜ ஆளுங்கதான், சக்தி. கணினியால கப்பலைக் கட்ட முடியும், குண்டு போட முடியும். பயப்பட முடியாது. பயந்தவன் எந்தப் பக்கம் ஓடுவான், யாரைத் தள்ளுவான், எந்தக் கதவைத் திறப்பான்னு அதுக்குக் கணக்குப் போட வராது. அதனால ஆளுங்களைத் தூங்க வைக்கறோம். தூத்துக்குடியில ஒரு பழைய கல்யாண மண்டபம் எடுத்திருக்கோம். வந்து படுப்பாங்க. ஊசி போட்டு, தலையில பட்டை கட்டுவாங்க. கனவுல ரூகன்ல வேலை பார்ப்பாங்க. எழுந்திரிச்சா ஒண்ணுமே ஞாபகம் இருக்காது. டீ குடிச்சிட்டு, கூலி வாங்கிட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க."

"சாகறாங்க வரதன்."

"கனவுல."

"கனவுன்னு அவங்களுக்கு அப்போ தெரியுமா?"

வரதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரிஞ்சா பயப்பட மாட்டாங்களே."

"அந்த ஆள் ஏணியைத் தேடினான். நான் எடுத்ததுக்கு அப்புறம் தேடினான். ஞாபகம் இல்லாதவன் எப்படித் தேடுவான்?"

"அது எனக்குத் தெரியாது." பிறகு, குரலைத் தாழ்த்தி, இரக்கத்தோடுதான் கேட்டார்: "முன்னாடியே சொல்லியிருந்தா நீங்க ஏணியை எடுத்திருப்பீங்களா? கப்பல் இவ்வளவு நல்லா வந்திருக்குமா?"

அந்தக் கேள்வி அவளைக் குத்தியது. இன்னொன்று அவளை அதைவிட அதிகமாகக் குத்தியது. அந்தப் பச்சைப் புள்ளிகளை அவள் மாதக்கணக்கில் பார்த்திருந்தாள். அவை என்ன, எங்கிருந்து வருகின்றன என்று ஒரு தடவைகூடக் கேட்கத் தோன்றவில்லை. கேட்காமல் இருந்தது வசதியாக இருந்திருக்கிறது.

ரிஸ்வானா விசாரித்து அந்த ஆளின் பெயரைச் சொன்னாள். சூசை மிக்கேல்.

அவர் வீடு தூத்துக்குடியில் கடலோரத் தெரு ஒன்றில் இருந்தது. வாசலில் கதவு இல்லை. நிலையில் கீல் இருந்த தடம் மட்டும் தெரிந்தது. குறுக்கே ஒரு பழைய சேலையைத் தொங்கவிட்டிருந்தார்கள். சேலையை விலக்கிக்கொண்டு சூசையின் மனைவி ரெஜினா வந்தாள். கம்பெனியிலிருந்து உடம்பு சௌகரியம் விசாரிக்க வந்திருப்பதாகப் பிரம்மசக்தி சொன்னாள்.

சூசைக்கு ஐம்பது வயதிருக்கும். ஒரு விசைப்படகில் ஐஸ் அறைப் பொறுப்பாளராக இருந்தவர். இப்போது மண்டபத்தில் படுப்பதுதான் வேலை. அதைச் சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்தது.

"ஒறங்குனா சம்பளம் தாறான் தங்கச்சி! எங்கப்பாவுக்கு இது தெரிஞ்சா செத்தவரு எந்திச்சு வந்துருவாரு. எங்கள நல்லா பாத்துக்கிடுதாவ. டீயும் பன்னும் தாறாவ."

"என்ன கனவு வரும்ணே?"

"ஒண்ணும் வராது. கண்ண மூடுவேன், முழிப்பேன், சாயங்காலம் ஆயிருக்கும். அம்புட்டுதான்."

அடுக்களையில் ரெஜினா அடுப்பைப் பற்ற வைத்தாள். தீ 'பக்'கென்று பிடித்தது. சூசை பேச்சை விட்டுவிட்டுச் சடாரென்று எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். தான் ஏன் எழுந்தோம் என்று அவருக்கே புரியவில்லை. வெட்கத்தோடு திரும்ப வந்து உட்கார்ந்தார்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று இருவரும் வற்புறுத்தினார்கள். பிரம்மசக்தி சாப்பிட்டாள். ஊளி மீன் குழம்பு. வைக்க வைக்க மறுக்காமல் சாப்பிட்டாள். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்குமே.

வழியனுப்பத் தெருவரைக்கும் ரெஜினா வந்தாள்.

"அவிய முன்னால சொல்ல முடியாது. வீட்டுல ஒரு கதவு இல்ல பாத்தீயளா? எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டாவ. கக்கூசுக்கும் கெடையாது. மருமவன் வீட்டுக்கு வந்தா எனக்கு மானம் போவுது. கேட்டா, கதவு எதுக்குங்காவ. படகுல ஐஸ் ரூமுக்குள்ள எறங்க மாட்டேன்னு நின்னுட்டாவ, அந்த வேலையும் போச்சு. ஒறக்கத்துல ஏணி, ஏணின்னு அனத்துதாவ. எந்த ஏணின்னு கேட்டா தெரியாது." ரெஜினா குரலைக் குறைத்தாள். "அங்க ஏதோ கப்பல் மாதிரி காட்டுவாவளாமே. அந்தக் கப்பலச் செஞ்சது யாரும்மா?"

பிரம்மசக்தி சொல்லியிருக்கலாம். சொல்லும் எண்ணத்தோடுதான் வந்திருந்தாள்.

"தெரியாதுக்கா. ஜெர்மன்காரன் யாராவது இருக்கும்."

"அவனுக்குப் பிள்ளகுட்டி இருக்காதா?" என்றாள் ரெஜினா.

சென்னைக்குத் திரும்பியதும் பிரம்மசக்தி முதல் வேலையாக ஏணியைத் திரும்ப வைத்தாள். மேலே கனமான மூடி ஒன்றையும் பொருத்தினாள். சோதனையில் யாரும் மூடியை நேரத்துக்கு மூடவில்லை. கீழே இருந்து ஆட்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். அவர்களோடு நெருப்பும் ஏறியது. கப்பல் முழுசாகப் போனது. திரையில் ஒரு பச்சைப் புள்ளிகூட மிஞ்சவில்லை.

"பாத்தீங்களா?" என்றார் வரதன். "முன்னாடி நடு அறை மட்டும்தான் போச்சு. இப்போ எல்லாரும் போயிட்டாங்க. எது பாவம், சொல்லுங்க."

"இனிமே யாரையும் படுக்க வைக்காதீங்க."

"அருங்காட்சியகத்துக்குக் கடைசிக் கப்பலைக் கொடுக்கணுமே. இன்னும் ஒரு தடவையாவது ஓட்டித்தான் ஆகணும்."

"அப்ப என்னையும் படுக்க வைங்க. நடு அறையில."

வரதன் தடுத்துப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. அவர்கள் பட்டதில் ஒரு பங்காவது தானும் பட வேண்டும் என்று நினைத்தாள். பட்டால் மனசு கொஞ்சம் லேசாகும் என்றும் நினைத்தாள்; அதை யாரிடமும் சொல்லவில்லை.

மண்டபத்தில் மணமேடையைப் பிரித்துவிட்டுக் கட்டில்கள் போட்டிருந்தார்கள். சுவரில் யாரோ ஒரு தம்பதியின் பெயர்கள் தெர்மாகோல் எழுத்துகளில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. பக்கத்துக் கட்டிலில் சூசை. அவளைப் பார்த்ததும் அவருக்கு ஆச்சரியம்.

"தங்கச்சி, நீங்களுமா? பயப்படாதீய. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

ஊசி போட்டார்கள்.

கண் விழித்தபோது ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் வந்துகொண்டிருந்தது. பல வருடங்களாக அவள் அப்படித் தூங்கியதில்லை. உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. நல்ல பசி. என்ன நடந்தது என்று எவ்வளவு யோசித்தும் ஒரு நிழல்கூடத் தட்டுப்படவில்லை. அந்தச் சுகத்தை நினைத்து அவளுக்கே கூசியது.

சூசை ஒரு டம்ளர் டீயோடு வந்து நின்றார். "நல்லா ஒறங்குனியளா? குடிங்க. கை என்ன இப்பிடி நடுங்குது?"

நடுங்கிக்கொண்டிருந்தது அவருடைய கைதான். டீ தரையில் சிந்தியிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

ரிஸ்வானா சென்னையிலிருந்து போன் செய்தாள். "அக்கா, பதிவு இருக்கு. நீங்க கேக்க வேணாம்."

"அனுப்பு."

"வேணாம்க்கா, ப்ளீஸ்."

"அனுப்பும்மா."

மண்டபத்தின் பின்பக்கம், பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அவள் அதைக் கேட்டாள். வெடிச் சத்தம். ஓட்டம். இரும்புப் படிகளில் யாரோ ஏறும் ஓசை. முதலில் ஏறியது அவள்தான். மூச்சிரைப்பிலேயே அடையாளம் தெரிந்தது. எந்தப் பக்கம் ஏணி இருக்கிறது என்று அந்த அறையில் வேறு யாரைவிடவும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

கீழேயிருந்து சூசையின் குரல். "மக்கா, ஒரு கை குடு! கால் மாட்டிக்கிட்டு. ஒரு கை குடு மக்கா!"

அப்புறம் அவள் குரல். சென்னைக்கு வந்தபோது விட்டொழித்த உடன்குடிப் பேச்சில், அடித் தொண்டையிலிருந்து: "மூடுல! மூடிரு! தீ மேல வருது, மூடித் தொலைல!"

மேலே நின்றவன் தயங்கியிருக்க வேண்டும். "ஆளு இருக்குய்யா கீழ" என்றான். அவள் அவனைத் தள்ளிவிட்டுத் தானே மூடினாள். இரும்போடு இரும்பு மோதியது. பிறகு கீழேயிருந்து தட்டும் சத்தம். அது நிற்கும்வரை பதிவு ஓடியது.

அன்றே வரதனும் பேசினார். குரலில் அப்படியொரு சந்தோஷம். "சக்தி, கப்பல் தப்பிச்சிடுச்சு! ஏணியும் இருக்கு, கப்பலும் மிதக்குது. மூடியை மூடற ஒரு ஆள்தான் நமக்கு இத்தனை நாளா இல்லாம இருந்தது. உங்க பதிவை வச்சே அந்த இடத்துக்கு ஒரு அதிகாரியைச் செஞ்சிடலாம்."

அவளுடைய பயத்தை எடுத்து ரூகனில் நிரந்தரமாக ஒரு மாலுமி செய்துவிட்டார்கள். அருங்காட்சியகம் அந்தக் கப்பலை ஏற்றுக்கொண்டது.

பிரம்மசக்தி வேலையை விட்டாள். மண்டபத்தைப் பற்றித் தொழிலாளர் துறையிடம் புகார் கொடுத்தாள். நினைவில்லாத வேதனைக்குச் சட்டத்தில் பெயர் இல்லை என்று முதலில் திருப்பி அனுப்பினார்கள். ரிஸ்வானா பதிவுகளோடு வந்து சாட்சி சொன்னாள். அவளும் வேலையை இழந்தாள். கடைசியில் அதிகாரிகள் மண்டபத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். இதைச் சொல்லவும், சொல்லாமல் விட்டதைச் சொல்லவும் பிரம்மசக்தி மறுபடி தூத்துக்குடிக்குப் போனாள்.

ரெஜினா வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அவிய இல்லியே. மண்டபத்தப் பூட்டிட்டாவல்லா? யாரோ எழுதிப் போட்டாவளாம். இவியளும் சும்மாவே கெடந்தாவ. அப்புறம் ஒரு ஏசென்ட் வந்து விசாகப்பட்டணத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். அங்கயும் இதே மாதிரி படுக்கிற வேலைதான். கப்பல் இல்லியாம் இப்ப. சுரங்கமாம், வெள்ளக்காரன் காலத்துச் சுரங்கம்." அரிவாள்மனையிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். "சுரங்கம்னா எப்பிடிம்மா இருக்கும்? மேல ஏறி வர வழி இருக்கும்லா?"

பிரம்மசக்தி தரையில் அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"அக்கா, அந்தக் கப்பலச் செஞ்சது நான்தான். ஏணிய எடுத்தது நான். அப்புறம் திரும்ப வச்சேன். வச்ச பிறகு நானும் போய்ப் படுத்தேன். அண்ணன் கீழேருந்து கை கேட்டாவ. நான் குடுக்கல. மேல ஏறி மூடிட்டேன். மண்டபத்தப் பத்தி எழுதிப் போட்டதும் நான்தான்."

ஊர்ப் பேச்சு தானாக வந்திருந்தது. ரெஜினா மீனைக் கீழே வைத்தாள். கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். அவள் திட்டுவாள் என்று பிரம்மசக்தி எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. ரெஜினா போனை எடுத்து எண்களை அழுத்தி அவளிடம் நீட்டினாள்.

"எங்கிட்டச் சொல்லி என்ன? படுத்தது அவிய. அவியகிட்டச் சொல்லுங்க."

சூசை உற்சாகமாக எடுத்தார். பிரம்மசக்தி தன் பெயரைச் சொன்னாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். இடையில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரிந்ததால் நிறுத்தவில்லை.

"அது நானா இருக்காது தங்கச்சி" என்றார் சூசை. அவளைத் தேற்றும் குரலில் சொன்னார். "வேற ஆளா இருக்கும். எனக்குத்தான் ஒண்ணும் ஞாபகம் இல்லியே. நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்கிடாதீய."

அந்த வார்த்தையை ஏற்றுக்கொண்டு எழுந்து போய்விடலாம். வழி திறந்துதான் இருந்தது.

"நீங்கதாண்ணே" என்றாள். "ஒங்க குரல்தான். நான் கேட்டேன்."

அந்தப் பக்கம் யாரோ பெயர்களை வாசித்துக் கூப்பிடுவது கேட்டது. "என்னயக் கூப்பிடுதாவ" என்றார் சூசை. குரலில் சிரிப்பு போயிருந்தது.

"போகாதீங்கண்ணே. இன்னைக்குப் படுக்காதீங்க."

ரெஜினா அவள் கையிலிருந்து போனை வாங்கினாள். "கேட்டீயளா? ஒண்ணும் வேண்டாம். வீட்டுக்கு வந்துருங்க. கஞ்சியக் குடிச்சிட்டுக் கெடப்போம்." அவர் ஏதோ சொன்னார். ரெஜினா கேட்டுக்கொண்டே நின்றாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி மீன் செதில் ஒட்டிய கன்னத்தில் ஓடியது. "சரி. பஸ்ஸா, ரயிலா? ... சரி. பையப் பத்திரமாப் பாத்துக்கிடுங்க."

போனை வைத்ததும் அவள் பிரம்மசக்தியின் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு வந்துருதேங்காவ" என்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோபமில்லாமல் சொன்னாள்: "நீங்க போங்கம்மா. அவிய வரும்போது நீங்க இங்க இருக்கக் கூடாது."